ஊதினால் தெரியும்

குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நம் நாட்டில் தண்டனை போதாது என்று இனிமேல் யாராவது சொன்னால், அதை நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. தண்டனை வேண்டிய மட்டும் இருக்கிறது. 2019-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி அமுலுக்கு வந்த திருத்தத்தின்படி, முதல் தடவை அகப்பட்டுக்கொண்டால் ஆறு மாதம் வரை சிறைவாசம், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறு தடவை அகப்பட்டுக்கொண்டால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். அதற்கு முன்னால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் அபராதம் கிடையாது. ஆக, ஒரே தாவலில் ஐந்து மடங்கு! தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் இந்தப் புதிய அபராதத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சென்னையில் அதோடும் நிற்கவில்லை. குடித்தவர் ஓட்டுகிற வண்டியில் ஏறி உட்கார்ந்து வருகிறவருக்கும் அபராதம் உண்டு என்று போலீஸார் அறிவித்தார்கள்.

சபாஷ்! ஆனால் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தண்டனையை ஐந்து மடங்காக்கிய பார்லிமெண்ட் கனவான்கள், சோதனையை எத்தனை மடங்காக்கினார்கள்? இந்தக் கேள்வியைத்தான் இங்கே கேட்கப் போகிறேன். இதற்குக் கிடைக்கிற விடை எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கும் பிடிக்காது என்றே நினைக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,000 பேருக்கு மேல். மத்திய சர்க்காரின் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. இத்தனை பேரில் குடியினால் நேர்ந்த விபத்தில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று அதே கணக்கில் தேடினால், நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை! அமெரிக்காவில் அதே வருஷம் சாலையில் இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரின் சாவில், அளவுக்கு மேல் குடித்திருந்த ஓட்டுநர் ஒருவர் சம்பந்தப்பட்டிருந்தார். அப்படியானால் நாம் அமெரிக்கர்களைவிடப் பத்து மடங்கு நிதானஸ்தர்களா? இதைக் கேட்டு நமக்குப் பெருமை பொங்க வேண்டியதுதான். ஆனால் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு, நம் ஊர் மதுக்கடை வாசலில் வரிசையாகச் சாத்தி வைத்திருக்கும் மோட்டார் சைக்கிள்களை எண்ணிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெருமை வெகுநேரம் நிலைக்காது. அந்த வண்டிகள் தாமாக வீட்டுக்குப் போய்ச் சேருவதில்லை.

ரகசியம் வேறொன்றுமில்லை. அங்கே அளந்து பார்க்கிறார்கள், இங்கே எழுதிக்கொள்கிறார்கள். விபத்து நடந்த இடத்துக்கு வருகிற ஏட்டையா "அதிவேகம்" என்று எழுதிவிட்டுப் போகிறார். அதை எழுத ஒரு பேனா போதும். டாக்டர் வேண்டாம், சீசா வேண்டாம், முத்திரை வேண்டாம், பரிசோதனைச் சாலையிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த ஓட்டுநர் ஏன் அத்தனை வேகமாகப் போனான், வளைவு வந்தபோது ஏன் திருப்பவில்லை என்ற கேள்விக்கு அவனுடைய இரத்தத்தில்தான் விடை இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்காமலே மருந்தின் அளவை ஐந்து மடங்காக்குகிற வைத்தியரை நீங்கள் என்ன சொல்வீர்கள்? சட்ட விஷயத்தில் அதைத்தான் செய்திருக்கிறோம்.

நம் கதைகளிலும் நாடகங்களிலும் சினிமாவிலும் குடிகாரனுக்கு என்று ஓர் உருவம் உண்டு. சட்டைப் பொத்தான் கழன்றிருக்கும், கால் பின்னும், நாக்குக் குழறும், விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அதோடு உறவாடுவான். கொட்டகையில் ஜனங்கள் சிரிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், நம்முடைய சட்டமும் வெகுகாலம் இந்தக் கொட்டகைக் குடிகாரனைத்தான் தேடிக்கொண்டிருந்தது. 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் எழுதப்பட்டபோது, வண்டியைச் சரியாக அடக்கி ஓட்ட முடியாத அளவுக்கு ஒருவன் குடி மயக்கத்தில் இருந்தால்தான் குற்றம் என்று சொல்லிற்று. அதை எப்படி நிரூபிப்பது? கால் தடுமாறிற்று என்று ஒரு சாட்சி, வாயில் வாடை அடித்தது என்று ஒரு சாட்சி, கண்மணி விரிந்திருந்தது என்று ஒரு டாக்டர். இவர்கள் அத்தனை பேரும் வந்து சொன்னாலும் போதாது என்று 1971-ல் சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. வாடையும் தடுமாற்றமும் குளறுபடியும் சந்தேகத்தை எழுப்பலாம். இரத்தத்தையோ சிறுநீரையோ சோதித்துப் பார்க்காமல் அவற்றை மட்டும் நம்பி ஒருவரைக் குடித்தவர் என்று தீர்மானிக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நியாயமான தீர்ப்பு. தடுமாறுகிறவனெல்லாம் குடிகாரன் அல்ல. காய்ச்சல்காரனும் தடுமாறுவான், தலையில் அடிபட்டவனும் உளறுவான்.

அதைவிட முக்கியமான விஷயம் மற்றொன்று. குடித்தவனெல்லாம் தடுமாறுவதும் இல்லை. கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்பவனால் யாருக்கும் ஆபத்து இல்லை. அவனால் வண்டியில் ஏறவே முடியாது. இஸ்திரி கலையாத சட்டையோடு, நண்பர்களுக்குக் கைகுலுக்கி விடை கொடுத்து, சாவியைச் சரியாகத் துவாரத்தில் போட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறாரே ஒருவர், அவர்தான் ஆபத்தானவர். அவருக்குக் கால் தடுமாறவில்லை. புத்திதான் அரைக் கணம் பின்தங்கியிருக்கிறது. குறுக்கே ஓடுகிற குழந்தைக்கு அந்த அரைக் கணம்தான் ஆயுள். இந்த மனிதரைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கருவி ஒன்றுதான் கண்டுபிடிக்கும்.

மேல்நாட்டார் இதை வெகு காலத்துக்கு முன்பே தெரிந்துகொண்டார்கள். சுவீடனில் விட்மார்க் என்ற விஞ்ஞானி 1920-களிலேயே ஓரிரு சொட்டு இரத்தத்தில் சாராயச் சத்தை அளக்க வழி கண்டார். 1936-ல் நார்வே நாட்டார், ஆள் தள்ளாடினாலும் தள்ளாடாவிட்டாலும் இரத்தத்தில் இவ்வளவுக்கு மேல் இருந்தால் குற்றம் என்று எண்ணால் சட்டம் செய்தார்கள். 1954-ல் அமெரிக்காவில் போர்க்கன்ஸ்டைன் என்பவர் மூச்சை ஊதினால் அளவு சொல்லும் பெட்டி ஒன்றைச் செய்தார். அதில் இருந்த மஞ்சள் திரவத்தின் வழியே மூச்சுச் செல்லும்போது, அதில் உள்ள சாராயச் சத்துக்கு ஏற்ப அந்த மஞ்சள் வெளுத்துப் போகும். இன்றைய கருவியில் திரவமும் இல்லை, நிறமும் இல்லை. சாராயச் சத்துப் பட்டவுடன் சிறிதளவு மின்சாரம் உண்டாகிறது, அதை அளந்து எண்ணாகக் காட்டுகிறது.

நாம் 1988-ல் புதுச் சட்டம் செய்தோம். முதலில், இரத்தத்தில் எத்தனை சொற்பமாக இருந்தாலும் குற்றம் என்று எழுதினோம். பிறகு 1994-ல் திருத்தி, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம் என்று வரையறுத்தோம். இது கண்டிப்பான அளவுதான். 1967-ல் பிரிட்டனில் வைத்த அளவு 80. ஆகவே அளவில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. வெறும் வயிற்றில் 650 மில்லி பீர் பாட்டில் ஒன்றைக் காலி செய்த நடுத்தர உடம்புக்காரர் நம்முடைய 30-ஐத் தாராளமாகத் தாண்டிவிடுவார்.

இந்த எண்ணைப் பற்றி என் நண்பர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல படிப்பு, நல்ல உத்தியோகம், மாலையில் கிளப்புக்குப் போகும் பழக்கம் உண்டு.

"என்ன ஸார் இது, முப்பது மில்லிகிராம்! ஆளுக்கு ஆள் உடம்பு வேறே இல்லையா? எனக்கெல்லாம் இரண்டு பெக் போட்டால்தான் கை நிதானத்துக்கே வரும். இருபது வருஷமா ஓட்டறேன், ஒரு கோழிக்குஞ்சு மேலே மோதினது கிடையாது" என்றார்.

"கோழிக்குஞ்சு அதிர்ஷ்டக் குஞ்சு" என்றேன்.

"விளையாடாதீங்க. நிதானமா இருக்கிறேனா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

தெரியாது. அதுதான் சங்கடம். குடி முதலில் தொடுவது கையையும் அல்ல, காலையும் அல்ல. 'நான் சரியாக இருக்கிறேனா?' என்று தன்னைத்தானே எடை போடுகிற சக்தியைத்தான். திருடனையே காவலுக்கு வைத்துவிட்டு, "வீட்டில் எதுவும் களவு போகவில்லையே?" என்று அவனிடமே விசாரிப்பது போன்றது அது. அதனால்தான் சட்டம் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்காமல் மூச்சைக் கேட்கிறது. இந்த இடத்தில் நான் சட்டத்தின் கட்சி. சாட்சியின் கண், போலீஸ்காரரின் மூக்கு, குடித்தவரின் தன்னம்பிக்கை என்ற மூன்று பொய்த் தராசுகளையும் எடுத்தெறிந்துவிட்டு ஓர் எண்ணை அங்கே வைத்தது பெரிய முன்னேற்றம்.

"என் மூச்சு, என் இரத்தம், அதை எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்கலாமா? அரசியல் சாசனம் என்ன ஆயிற்று?" என்று கேட்கிற வேறு சிலரும் உண்டு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றவாளியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சாசனம் சொல்வது வாஸ்தவந்தான். ஆனால் 1961-லேயே சுப்ரீம் கோர்ட்டின் பதினோரு நீதிபதிகள் கூடி உட்கார்ந்து இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். மனத்தில் உள்ளதை வாயால் சொல்ல வைப்பது வேறு. கைரேகையையோ கையெழுத்து மாதிரியையோ எடுப்பது வேறு. பின்னது சாட்சியம் ஆகாது. மூச்சும் இரத்தமும் அந்த ரகத்தைச் சேர்ந்தவைதாம். ஊத மாட்டேன் என்று மறுத்தால், தக்க காரணம் காட்டாத வரையில் அந்த மறுப்பையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்று நம் சட்டத்தின் 205-வது பிரிவு சொல்கிறது. சரியாகவே சொல்கிறது. பொதுச் சாலையில் ஒரு டன் இரும்பை ஓட்டிச் செல்ல உரிமை கேட்கிறவர், ஒரு மூச்சுக் காற்றைக் காட்ட மாட்டேன் என்பது நியாயமா?

இதுவரை சட்டத்தைப் புகழ்ந்தாயிற்று. இனி வழக்கைத் தொடுக்கிறேன்.

என்னுடைய முதல் குற்றச்சாட்டு, நேரத்தைப் பற்றியது. குடித்த சாராயச் சத்தை நம் உடம்பு சும்மா வைத்துக்கொண்டிருப்பதில்லை. மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் அது குறைந்துகொண்டே வருகிறது. விபத்து நடந்த நிமிஷத்தில் ஒருவருடைய இரத்தத்தில் 60 இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் அனுமதிப்பதைப் போல இரண்டு மடங்கு. ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் வந்து, சீட்டு எழுதி, ஊசி குத்துவதற்குள் மூன்று மணி நேரம் ஆகிவிட்டால், இரத்தத்தில் மிச்சம் இருப்பது 15. அவர் நிரபராதி! யாரும் லஞ்சம் வாங்கவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. கடிகாரமே அவருக்கு வக்கீலாக நின்று ஜெயித்துக் கொடுத்துவிட்டது. கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதிக்க வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் மோதிவிட்டு நிற்காமல் போய், மறுநாள் குளித்துச் சாப்பிட்டு, வக்கீல் சகிதம் வந்து சரணடைகிற கனவானை எந்தக் கருவியால் அளப்பது?

நேரத்தோடு பணமும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை 2024 மே மாதம் 19-ந் தேதி புனாவில் பார்த்தோம். நள்ளிரவுக்குப் பின் வந்த விலையுயர்ந்த கார் ஒன்று மோதி, மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் மாண்டார்கள். ஓட்டியவனுக்கு வயது பதினேழு. அன்றைக்கே அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. விதித்த நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகளைப் பற்றி 300 வார்த்தைகளில் அவன் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது. கட்டுரை எழுதிப் பிழைக்கிற ஜாதியைச் சேர்ந்தவன் நான். கட்டுரைக்கு இவ்வளவு மகத்தான சக்தி உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது! நாடெங்கும் கூக்குரல் எழுந்த பிறகு அந்த உத்தரவு மாறிற்று. ஆனால் கட்டுரையைவிடக் கொடிய செய்தி பிறகு வந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தத்தை அப்புறப்படுத்திவிட்டு, வேறொருவருடைய இரத்தத்தை அதன் இடத்தில் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள் என்று போலீஸார் குற்றம் சாட்டி, டாக்டர்களையே கைது செய்தார்கள். அந்தக் குற்றச்சாட்டு உண்மையா என்று தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம், நான் அல்ல. நான் கேட்பது இதுதான்: அப்படி ஒன்று நடந்திருக்கக்கூடும் என்று நாம் அத்தனை பேரும் சுலபமாக நம்பினோமே, ஏன்? இரத்தச் சீசா ஒன்று ஊசி முனையிலிருந்து பரிசோதனைச் சாலைக்குப் போகிற வழி எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். அந்த வழியில் எத்தனை கைகள், எத்தனை மேஜைகள், எத்தனை திறந்த கதவுகள்!

சோதனை ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2006 நவம்பரில் பம்பாயில் பாந்திராவில், நடைபாதையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் மேல் ஒரு கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டியவருடைய இரத்தத்தில் 0.112 சதவீதம், அதாவது 100 மில்லிக்கு 112 மில்லிகிராம் இருந்ததாகச் சோதனை சொல்லிற்று. அந்த எண் கோர்ட்டுக்குக் கோர்ட் ஏறியது. 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் வரையில் நிலைத்து நின்றது. மூன்று வருஷச் சிறைத் தண்டனை உறுதியாயிற்று. ஏழு உயிருக்கு மூன்று வருஷம் போதுமா என்று நீங்கள் கேட்கலாம்; நானும் கேட்கிறேன். ஆனால் அந்த எண்ணும் இல்லாதிருந்தால்? தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறார்கள்?

இரண்டாவது குற்றச்சாட்டு இதைவிடப் பெரியது. யாரைச் சோதிக்கலாம் என்பதைப் பற்றியது.

1967 அக்டோபரில் பிரிட்டனில் ஊதும் சோதனை வந்தது. கொண்டுவந்தவர் போக்குவரத்து மந்திரி பார்பரா காஸில் என்ற அம்மையார். அவருக்கே கார் ஓட்டத் தெரியாது என்று சொல்லி எதிராளிகள் கேலி செய்தார்கள். எந்த வண்டியையும் எந்த நேரத்திலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்றுதான் அந்த அம்மையார் முதலில் சட்டம் செய்ய விரும்பினார். பிரபுக்களும் பத்திரிகைக்காரர்களும் கூச்சல் போட்டார்கள். கடைசியில், விபத்தோ போக்குவரத்துக் குற்றமோ சந்தேகமோ இருந்தால்தான் ஊதச் சொல்லலாம் என்று குறைத்துக்கொண்டார்கள். முதலில் ஜனங்கள் மிரண்டார்கள். வார இறுதி இரவுகளில் விபத்துகள் மளமளவென்று குறைந்தன. சில வருஷங்களில் ஒரு விஷயம் அவர்களுக்குப் புரிந்தது. தம்மை நிறுத்தப் போவது அபூர்வம்! பயம் தெளிந்தது; விபத்துகள் பழையபடி ஏற ஆரம்பித்தன. ராஸ் என்ற அமெரிக்க சமூக ஆராய்ச்சியாளர் இதை ஆராய்ந்து 1973-ல் எழுதியிருக்கிறார்.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தார் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டார்கள். 1982 டிசம்பர் 17-ந் தேதி முதல், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த ஓட்டுநரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்று சட்டம் செய்தார்கள். செய்ததோடு விடவில்லை, முதல் வருஷத்திலேயே ஏறக்குறையப் பத்து லட்சம் பேரை ஊத வைத்தார்கள். 1982-ல் அங்கே சாலையில் இறந்தவர்கள் 1,253 பேர். 1983-ல் 966 பேர். ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட முந்நூறு உயிர் மிச்சம்! அங்கே ஜனங்களை மிரட்டியது அபராதத் தொகை அல்ல. இன்றிரவு எந்தத் திருப்பத்தில் நிறுத்துவார்களோ தெரியாது, நிறுத்தினால் எல்லாரும் ஊத வேண்டும் என்ற எண்ணமே மிரட்டிற்று.

இப்போது நம் சட்டத்தின் 203-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். வண்டி ஓட்டுகிறவர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி அவரை ஊதச் சொல்லலாம். 'சந்தேகிக்க நியாயமான காரணம்!' மறுபடியும் அந்தப் போலீஸ்காரரின் கண்ணும் மூக்கும்தான். இஸ்திரி கலையாத கனவானைப் பார்த்தால் அவருக்குச் சந்தேகம் வருமா? சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவனைப் பார்த்தால்தான் வரும். கந்தல் சட்டை சந்தேகத்துக்குக் காரணம் ஆகிறது. கண்ணாடி ஏற்றிய கார் நிரபராதத்துக்கு அத்தாட்சி ஆகிறது. நடைமுறையில் பல ஊர்களில் ராத்திரி வேளையில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி ஊதச் சொல்கிறார்கள் என்பது உண்மை. நல்ல காரியம், ஆனால் சட்டத்தில் ஊன்ற ஒரு கால் இல்லாத நல்ல காரியம். கெட்டிக்கார வக்கீல் ஒருவர், "என் கட்சிக்காரர் மேல் என்ன சந்தேகம் வந்தது? ஏன் வந்தது?" என்று கேட்டால், பதில் சொல்ல அந்த அதிகாரி திணற வேண்டியிருக்கும். 2019-ல் அபராதத்தை ஐந்து மடங்காக்க நேரம் கிடைத்தவர்களுக்கு, இந்த ஒரு வாக்கியத்தைத் திருத்த நேரம் கிடைக்கவில்லை!

எல்லாரையும் ஊத வை என்று கேட்கிற நானே, அந்தக் கருவி யோக்கியமானதாக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறேன். இது மூன்றாவது குற்றச்சாட்டு. 2025 ஜூலையில் கேரளத்தில் அரசு பஸ் பணிமனை ஒன்றில் வேடிக்கையான சம்பவம் நடந்தது. குடியாத ஓட்டுநர்கள் ஊதினார்கள். குடித்திருக்கிறார்கள் என்று கருவி சொல்லிற்று. விசாரித்தால், அவர்கள் நன்றாகப் பழுத்த வருக்கைப் பலாச்சுளை சாப்பிட்டிருந்தார்கள்! ஊதிச் சுத்தமாக வந்த ஒருவருக்குப் பலாச்சுளை கொடுத்து மறுபடி ஊதச் சொன்னபோது, கருவி அவரையும் குடிகாரர் ஆக்கிவிட்டது. கனிந்த பழம் புளித்தால் அதில் கொஞ்சம் சாராயச் சத்து உண்டாவது இயற்கை. அது வாயில் ஒட்டிக்கொண்டிருந்தால், மார்பிலிருந்து வந்த மூச்சு எது, வாயிலிருந்து வந்த வாடை எது என்று கருவிக்குத் தெரியாது. கால் மணி நேரம் பொறுத்து, வாயைக் கொப்பளித்து, மறுபடி ஊதினால் உண்மை வெளிவந்துவிடும்.

வேலை போய்விடும் என்ற நிலையில் நிற்கிற பஸ் ஓட்டுநருக்கு இந்தக் கால் மணி நேரம் எவ்வளவு பெரியது! ஆகையால் நான் கேட்பவை அதிகம் இல்லை. கருவியைக் காலாகாலத்தில் சரிபார்த்து, அந்தத் தேதியைக் கருவியின் மேலேயே ஒட்ட வேண்டும். ஒவ்வொருவரும் ஊதுவதற்கு முன்னால் வெறுங் காற்றுக்கு அது பூஜ்யம் காட்டுகிறதா என்று அவர் கண்ணெதிரே பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு புதுக் குழாய் கொடுக்க வேண்டும். அளவு தாண்டினால் கால் மணி கழித்து இரண்டாம் முறை ஊதச் சொல்ல வேண்டும். அப்போதும் அவர் ஒப்புக்கொள்ளாமல் "என் இரத்தத்தைப் பாருங்கள்" என்றால், அதைத் தயவாக அல்லாமல் உரிமையாகக் கொடுக்க வேண்டும். எடுத்த இரத்தத்தை இரண்டு சீசாவில் முத்திரையிட்டு, ஒன்றைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசுக்கே வருஷா வருஷம் முத்திரை கேட்கிற நாம், மனிதனைச் சிறைக்கு அனுப்புகிற தராசுக்கு முத்திரை கேட்பது அதிகமா?

இனி அந்தப் பத்தாயிரத்துக்கு வருகிறேன். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவனுக்கு அது பல நாள் கூலி. வீட்டில் அடுப்பு எரியாது. கிளப் நண்பருக்கோ ஓர் இரவு விருந்துச் செலவு. ஒரே குற்றத்துக்கு ஒருவன் பட்டினியும் மற்றவர் ஒரு கையெழுத்தும் கொடுத்தால், அதைச் சமநீதி என்று எப்படிச் சொல்வது? இத்தனைக்கும் இருவருக்கும் ஒரே மாதிரி வலிக்கிற தண்டனை சட்டத்திலேயே இருக்கிறது. குடித்து ஓட்டிய குற்றம் கோர்ட்டில் நிரூபணமானால் குறைந்தது ஆறு மாதத்துக்கு லைசென்ஸைப் பறிக்க வேண்டும் என்று 20-வது பிரிவு சொல்கிறது. கார் சாவி இல்லாத ஆறு மாதம் கிளப் நண்பருக்கும் வலிக்கும். ஆனால் போஸ்டரிலும் அறிவிப்பிலும் பெரிய எழுத்தில் போடுவது எதை? ரூபாயைத்தான்! ரூபாய் வசூலாகும், லைசென்ஸைப் பறித்தால் சர்க்காருக்கு என்ன வரும்?

வருமானம் என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மதுக்கடையை நடத்துவது சர்க்காரின் கழகமே. கடை சர்க்காருடையது, கடைக்கு அப்பால் அடுத்த முச்சந்தியில் கருவியோடு நிற்பவரும் சர்க்காருடைய ஊழியர். இந்தக் கையால் ஊற்றி, அந்தக் கையால் பிடிக்கிற இந்த ஏற்பாட்டைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நம் மாநிலத்திலிருந்து போன வழக்கும் அதில் ஒன்று. ஆயிரக்கணக்கான கடைகளை மூடினார்கள். அப்புறம்? சில மாநிலங்களில் கடையை நகர்த்துவதற்குப் பதில் சாலையின் பெயரை மாற்றினார்கள். நெடுஞ்சாலை ஒரே இரவில் ஊர்ச் சாலையாயிற்று! 2017-ல் நகர எல்லைக்குள் அந்தத் தடை இல்லை என்ற விளக்கமும் வந்து சேர்ந்தது.

"இதெல்லாம் எதற்கு? கடையையே மூடிவிட்டால் கருவி எதற்கு, கருவிக்கு முத்திரை எதற்கு?" என்று மதுவிலக்குப் பக்தர்கள் கேட்பார்கள். அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. 1937-ல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய காரியத்தை இழிவாகப் பேசுகிறவன் அல்ல நான். ஆனால் மதுவிலக்கு வரும் நாள் வரட்டும். அதுவரை இன்றிரவு பத்து மணிக்கு வண்டியைக் கிளப்பப் போகிறவரை என்ன செய்வது? மதுவிலக்கு அமுலில் இருந்தாலும் கள்ளச் சரக்குக் குடித்தவன் வண்டி ஓட்டாமலா இருப்பான்? கருவி எப்படியும் வேண்டும்.

கஞ்சா முதலான போதை வஸ்துக்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றுக்கு நம் சட்டத்தில் எண் கிடையாது. வண்டியை அடக்கி ஓட்ட முடியாத நிலையில் இருந்தானா என்ற 1939-ம் வருஷத்துக் கேள்வியே அங்கே நடக்கிறது. கானடாக்காரர்கள் 2018-ல் கஞ்சாவுக்கும் இரத்த அளவு வைத்திருக்கிறார்கள். நாமும் உடனே ஓர் எண்ணை எழுதிவிடலாம் என்று அவசரப்பட வேண்டாம் என்பேன். சாராயச் சத்தைப்போல் கஞ்சாவின் சத்து மணிக்கு இவ்வளவு என்று கணக்காகக் குறைவதில்லை; மயக்கம் தெளிந்து வெகு நேரம் கழித்தும் இரத்தத்தில் தடயம் இருக்கும். நேற்றைய குற்றத்துக்கு இன்றைய ஓட்டுநரைத் தண்டிப்பதாகிவிடும். பொய் எண்ணைவிட, பயிற்சி பெற்ற டாக்டரின் நேர்மையான பரிசோதனை மேல்.

அடுத்த தடவை பார்லிமெண்டில் இந்தச் சட்டத்தைத் திருத்த வருகிறவர்கள் 10,000-ஐ 20,000 ஆக்க ஆசைப்படலாம். ஆக்கிக்கொள்ளட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அதற்கு முன் 203-வது பிரிவைப் புரட்டி, 'சந்தேகிக்க நியாயமான காரணம்' என்ற வார்த்தைகளை அடித்துவிட்டு, யாராயிருந்தாலும் ஊத வேண்டும் என்று எழுதட்டும். மந்திரியின் காரும் நிற்கட்டும். மாட்டுத் தீவன லாரியும் நிற்கட்டும். கதை எழுதுகிறவனின் ஸ்கூட்டரும் நிற்கட்டும். விபத்தில் உயிர்ச் சேதம் நேர்ந்தால், ஓட்டியவர் யார் என்று கேட்பதற்கு முன்னால் அவருடைய இரத்தத்தை எடுத்து முத்திரை வைக்கட்டும். அந்தக் கணக்கு ஒழுங்காக வந்த பிறகு, நூற்றுக்கு மூன்று பேர்தானா, முப்பது பேரா என்று பார்த்துக்கொண்டு தண்டனையைப் பற்றி யோசிக்கலாம்.